இடது கையில் இரண்டு துப்பாக்கி

செல்லப்பன் ஜொகூர் பாருவில் தொண்டர் படையில் சேர்ந்ததே அந்தச் சின்னத்தைத் திரும்ப அணியத்தான். குறுக்கே வைத்துத் தைத்த இரண்டு துப்பாக்கிகள். பதினாலாம் வருடம் மூண்ட பெரிய சண்டையில், ஈராக்குப் பக்கம் பஸ்ராவில் பட்டாளத்தில் இருந்தபோது, குறி தவறாமல் சுட்டதற்காகக் கொடுத்தது. பன்னிரண்டு வருடமாகத் தகரப்பெட்டிக்குள் கிடந்தது. சிகாமட் தோட்டத்தில் அதை மாட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போக முடியுமா?

சட்டம் என்னவோ நல்ல சட்டம்தான். படை மாறி வந்தவன் தோள்பட்டையில் தைத்த பழைய படையின் பெயரைக் கழற்றிவிட வேண்டும். அவனே பாடுபட்டு வாங்கிய சின்னம் மட்டும் அவன் இடது சட்டைக்கையில் இருக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை, பழைய படை கொடுத்த சான்றுத்தாள் வேண்டும். தாள் இருந்தது. அதுதான் வினையாகிப் போனது.

படை அலுவலகத்து எழுத்தர் கேப்ரியல் தாளைப் படித்துவிட்டு, செல்லப்பன் சட்டைக்கையில் தைத்து வந்திருந்த சின்னத்தை நிமிர்ந்து பார்த்தார். "இதுல தங்கராஜுன்னு போட்டிருக்கே. உங்க பேரு செல்லப்பன்தானே?"

தங்கராஜு செல்லப்பனுடைய அண்ணன். ஊரில் பட்டாளத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு, நிறைமாத மனைவியை விட்டுப் போக மாட்டேன் என்று அழுதவர். அவர் பெயரில் தம்பி போனான். அண்ணன் மலாயாவுக்குக் கப்பலேறி, சிகாமட்டில் காய்ச்சல் கண்டு செத்துப்போனார்; சண்டை முடிந்து தம்பியும் அதே தோட்டத்துக்கு வந்தான். உண்மையைச் சொன்னால் ஆள்மாறாட்டம், ஜெயில்தான்.

"எங்கண்ணன் தாளுங்க" என்றான்.

கேப்ரியல் நல்ல மனிதர். அதனால்தான் இன்னும் வலித்தது. "அண்ணன் வாங்கினதத் தம்பி போடக்கூடாது லா. தையலப் பிரிச்சிடுங்க. ஞாயித்துக்கிழமை சுடுற பரீட்சை இருக்கு, நீங்களே சுட்டு வாங்கிக்கலாமே."

எங்கே சுடுவது? அண்ணனைக் கொன்ற அதே தோட்டத்துக் காய்ச்சல் தம்பியை உயிரோடு விட்டுவிட்டுக் கைநடுக்கத்தைக் கொடுத்திருந்தது. ஆனாலும் போனான், பாவம், வேறு என்ன செய்வான்? தெப்ராவ் பக்கத்துத் திடலில் குப்புறப் படுத்துப் பத்துக் குண்டு சுட்டான். ஆறு குண்டு குறிப்பலகையைத் தொடவே இல்லை. மிச்சம் நான்கும் ஓரத்தில் எங்கோ பட்டன.

பின்னால் சிரிப்பு கிளம்பியது. சார்ஜன்ட் ஜெயபாலன் குனிந்து பார்த்தார். "அலமாக்! அண்ணன் சின்னத்த மாட்டிக்கிட்டு வந்த ஆளு நீங்கதானா? அவரும் இப்படித்தான் சுட்டாரா?"

நான்தானய்யா சுட்டேன், அந்த மணலில் தண்ணீரில்லாமல் கிடந்தது நான், என் பக்கத்தில் செத்தவர்களைப் புதைத்தது நான் என்று அத்தனை பேர் முன்னாலும் கத்த வேண்டும் போலிருந்தது. வாயைக்கூடத் திறந்துவிட்டான்.

"இல்லீங்க" என்றான். "எங்கண்ணன் ரொம்ப நல்லா சுடுவாருங்க."

"அப்ப அவரு பேரக் கெடுக்காதீங்க."

"சரிங்க" என்று சொல்லிவிட்டு, செல்லப்பன் எழுந்து துப்பாக்கியை அடுத்த ஆளிடம் கொடுத்தான்.