தறிச்சத்தம் இல்லாத மண்டபம்

"வாயைப் பாருங்க சின்ன முதலாளி, காதை வச்சு இங்க ஒண்ணும் ஆகாது", "எதிர்த் தறிக்காரி என்ன சொல்றா ஆனிஸ்?", "உங்க மூக்கு உங்கப்பா மூக்கை விட நீளமாம்"... அன்று தறிகளின் இரைச்சலில் அவள் சிரித்ததுகூடக் கேட்கவில்லை, உதடுதான் தெரிந்தது, இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவாலைப் பெண்களின் அந்த உதட்டுப் பேச்சுக்காகவே இருபது வயது வில்பிரட் ஆர்மெராட் தினமும் அப்பாவின் நெசவுக்கூடத்துக்கு இறங்கி வந்தான்... இப்போது ஏன் அந்த நினைப்பு, ஓட்டுக் கேட்டு மேடையில் நிற்கிறான், மண்டபம் நிறைந்திருக்கிறது, தாளில் 'தொழிலாளர் நுரையீரல்' என்ற வரியில் விரல் நின்றுவிட்டது, மூன்றாவது வரிசையில் ஆனிஸ், கறுப்புச் சால்வை, அவள் உதடு அசைகிறது.

அதே ஐந்து சொற்கள், பதினோரு வருஷமாக. அவள் தம்பி சிரில், இருபத்துநாலு வயசு, பஞ்சு சிக்கெடுக்கும் கூடத்தில் தூசியைத் தின்று இருமியே செத்தான், தூசி உறிஞ்சும் விசிறி ஓடியதா என்று மரண விசாரணையில் கேட்டார்கள், ஓடியது என்றான் வில்பிரட்... ஓடவில்லை, காற்றில் நூல் அறுகிறது, நிறுத்து என்றது அப்பாதானே? அப்படித்தான் தன்னிடமும் சொல்லிவந்தான், அப்பா அப்போது வாய் கோணிப் படுக்கையில் கிடந்தார், பேச்சே கிடையாது, பேசியது அவன் வாய். விசாரணை நடந்த கட்டடத்தின் படியில், தேவாலய வாசலில், சந்தையில், எங்கே கண்டாலும் அவள் சத்தமில்லாமல் உதட்டை அசைப்பாள், அவன் தொப்பியைத் தொட்டுவிட்டு, புரியாதவன் போல நகர்ந்துவிடுவான். புரியாது என்று அவள் நம்பியிருப்பாளா? அந்த உதட்டுப் பேச்சைக் கற்றுக்கொடுத்தவளே அவள்தானே... சொன்னால் தேர்தல் போச்சு, ஆர்மெராட் என்ற பேரும் போச்சு.

"என்னய்யா, நூல் அறுந்துபோச்சா?" என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான், மண்டபம் சிரித்தது, ஓய்ந்தது. ஓய்ந்ததுதான் பயமாக இருந்தது, நாலு தறி ஓடினால் தேவலை... பயந்துதான் வாய்க்குள் கேட்கிறாள் என்றல்லவா இத்தனை வருஷம் நினைத்திருந்தான், இல்லையோ, அவனாகச் சொல்லட்டும் என்று இடம் விட்டிருந்தாளோ, அந்த இடத்தில் நின்றுகொண்டா அவன் மேடை ஏறினான்?

ஆனிஸ் எழுந்தாள். முன்நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இருமி முடித்தாள். அவள் குரலை அவன் கேட்டே எத்தனையோ காலமாகிவிட்டது.

"சின்ன முதலாளி, விசிறியை நிறுத்தச் சொன்னது யாருன்னு சொல்லுங்க."