முதல் பெண்மணியின் கணவர்

அமெரிக்காவின் முதல் பெண்மணி பதவி சுழற்சி முறையில் அந்தத் தடவை எங்கள் ஒன்றியத்துக்கு வந்தது. பெண், பொது என்று ஒதுக்கியிருந்தார்கள். குலுக்கலில் என் மனைவி செண்பகவல்லியின் பெயர் விழுந்தது. வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து நியமன ஆணையை என்னிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு என்னிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அவள் அப்போது கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

பதவிக் காலம் நான்கு வருடம். அதிபருக்கும் இந்தப் பதவிக்கும் குடும்ப சம்பந்தம் எதுவும் கிடையாது. விருந்துகளில் அவருக்கு இடப்புறம் நிற்க வேண்டும், வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், திங்கட்கிழமைகளில் மனு வாங்க வேண்டும். எங்கள் ஊர் அரிசி ஆலை நிறுத்தத்திலிருந்து வெள்ளை மாளிகைக்குக் காலை ஏழே காலுக்கு ஒரு பேருந்து இருக்கிறது. சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிடலாம்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் பதவிக்கு வந்தால் வேலையைப் புருஷன்தான் பார்ப்பான். பஞ்சாயத்துத் தலைவியின் கணவர் கூட்டத்துக்குப் போவார், தலைவி வீட்டில் இருப்பார். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. நானும் எடுத்துக்கொள்ளவில்லை. அதைச் சொல்ல இப்போது எனக்கு நாக்கூசுகிறது, ஆனால் அப்போது கூசவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பதவியேற்பு நாளன்று செண்பகவல்லி விடிவதற்கு முன்பே குளித்து, கல்யாணத்துக்கு எடுத்த மாம்பழக் கலர் பட்டைக் கட்டிக்கொண்டு, தலையில் பிச்சிப்பூ வைத்து, கையில் ஒரு சின்னப் பையோடு வாசலுக்கு வந்தாள். பையின் வாயில் காலண்டர் தாள் ஒன்று நான்காக மடித்து நீட்டிக்கொண்டிருந்தது. அதில் ஏதோ எழுதியிருந்தாள்.

"அங்க ரொம்ப நேரம் நிக்கணுமாம்," என்றேன். "ஒன் காலுக்கு அது ஆகாது. நான் போயிட்டு வந்திருதேன். மாவு வேற ஆட்டணும்லா."

"சரி, போயிட்டு வாங்க," என்று உள்ளே போனாள். நான் செருப்பு மாட்டும்போது அவள் பட்டுச் சேலையை மடிக்கிற சத்தம் கேட்டது. பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

வெள்ளை மாளிகையில் டோரதி அம்மாள் என்பவர் முதல் பெண்மணியின் செயலாளர். வயதானவர், அச்சடித்ததைப் போலப் பேசுவார். என்னைப் பார்த்ததும் யார் எவர் என்று கேட்காமல், "வாருங்கள் அம்மா," என்று அழைத்துப் போனார். நீளமான நடையில் முன்னாள் முதல் பெண்மணிகளின் படங்கள் மாட்டியிருந்தன. ஒருவர் எதிரிப்படை ஊருக்குள் வந்தபோது, சுவரிலிருந்த பெரிய ஓவியத்தைக் கழற்றினால்தான் வண்டி ஏறுவேன் என்று நின்றவராம். இன்னொருவர், அப்போதைய அதிபர் நோயில் விழுந்தபோது, எந்தக் கோப்பு உள்ளே போகலாம், எது போகக்கூடாது என்று கதவருகிலிருந்தே தீர்மானித்தவராம். ஒருவர் சாலையோரமெல்லாம் பூச்செடி வைக்கச் சொன்னார். ஒருவர் எல்லோரையும் புத்தகம் படிக்கச் சொன்னார்.

"இதில் யாருக்கும் சம்பளம் கிடையாது," என்றார் டோரதி அம்மாள். "அதிகாரமும் கிடையாது. முதல் பெண்மணி ஒன்றைச் சொல்வார். மக்கள் செய்வார்கள். அவ்வளவுதான்."

பிறகு ஒரு பெரிய பேரேட்டைத் திறந்து பேனாவை எடுத்தார்.

"தாங்கள் எதற்காகப் பாடுபடப் போகிறீர்கள்? ஒருவருக்கு ஒன்றுதான்."

செண்பகவல்லியிடம் நான் கேட்டிருக்கவில்லை. கேட்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வீட்டில் கேட்டுக்கொண்டு நாளைக்குச் சொல்கிறேன் என்றால் இந்த அம்மாள் என்ன நினைப்பார்? கக்கத்தில் என் குடை இருந்தது.

"குடை," என்றேன்.

டோரதி அம்மாள் எழுதிக்கொண்டார். மறுவாரத்திலிருந்து அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் காலையில் குடை உறுதிமொழி எடுத்தார்கள்.

அன்று திரும்பி வந்ததும், "என்ன கேட்டாங்க?" என்றாள் செண்பகவல்லி.

"ஒண்ணுமில்ல. நிக்கச் சொன்னாங்க. நின்னேன்."

அவள் காலண்டர் தாளைப் பையிலிருந்து எடுத்து, சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள். கையை நீட்டி எடுத்துப் படிக்க எனக்கு நான்கு வருடம் இருந்தது. நான் எடுக்கவில்லை.

நிற்க வேண்டும் என்று சொன்னேனே தவிர, அங்கே நிற்பது மிகவும் குறைவு. மற்ற நேரமெல்லாம் நீல மெத்தை போட்ட நாற்காலியில் உட்காரலாம். மேசையில் 'ஆ. செண்பகவல்லி, முதல் பெண்மணி' என்று பித்தளைப் பலகை வைத்திருந்தார்கள். அதற்குப் பின்னால் நான் மீசையோடு உட்கார்ந்திருப்பேன். வருகிறவர்கள் "அம்மா" என்றார்கள். முதல் வாரம் ஒரு மாதிரியாக இருந்தது. இரண்டாம் வாரம் அம்மா என்று சொல்லாத ஒரு தூதரை முறைத்துப் பார்த்தேன். அவள் கையெழுத்தைப் போடப் பழகிக்கொண்டேன். 'வ'வின் சுழி மட்டும் கொஞ்ச நாள் படுத்தியது.

இரண்டாம் வருடம் விருந்துக்குப் புதிய தட்டுகள் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு முதல் பெண்மணியும் தன் பேருக்கு ஒரு தட்டு விட்டுப் போவது அங்கே வழக்கம். வாழையிலைக் கரை போட்ட கனமான தட்டாக ஒன்று எடுத்தேன். பத்திரிகையில் படம் வந்தது. அதைக் கொண்டுவந்து அவளிடம் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "இத்தன கனத்த எவ கழுவுவா?"

பத்திரிகையை மடித்து வைத்தேன். காட்டியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. தெருவில் பெண்கள் அவளை "முதல் பெண்மணியக்கா" என்று கூப்பிட்டுக் குழாயடியில் இடம் விடுவார்கள். அவள் பதவிக்குக் கிடைத்த மரியாதை அந்த ஒரு குடம்தான்.

திங்கட்கிழமை மனுக்கள் சாக்குச் சாக்காக வரும். அமெரிக்காவில் குறைகளுக்குப் பஞ்சமில்லை. பிரித்துப் படித்து, எந்தத் துறையோ அந்தத் துறைக்குத் தள்ளிவிடுவேன். நான்காம் வருடம், பதவி முடிய மூன்று மாதம் இருக்கும்போது, ஒரு நீளமான பழுப்பு உறையில் எங்கள் ஊர் அஞ்சல் முத்திரை இருந்தது. உள்ளே கோடு போட்ட தாளில் செண்பகவல்லியின் கையெழுத்து.

'பெறுநர்: முதல் பெண்மணி அவர்கள், வெள்ளை மாளிகை. பொருள்: உட்கார இடம் கேட்பது தொடர்பாக.

அம்மா, வணக்கம். நான் பதினோரு வருடம் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்த்தேன். கடை திறந்ததிலிருந்து அடைக்கிற வரைக்கும் உட்காரக் கூடாது. ஆள் வராத நேரத்திலும் கூடாது. ஒரு நாள் மடித்து வைத்த சேலைகள்மேல் சாய்ந்ததற்கு எல்லோர் முன்னாலும் கூப்பிட்டுப் பேசினார்கள். என் காலில் நரம்பு முடிச்சு முடிச்சாக இருக்கிறது. தங்கள் நாட்டிலும் கடைகளில் பெண்கள் நின்றுகொண்டுதான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். குடையும் நல்லதுதான். ஆனால் நிற்கிறவர்களுக்கு ஒரு முக்காலியாவது போடச் சொல்ல வேண்டும். நேரில் வந்து சொல்லலாம் என்றுதான் இருந்தேன். வர முடியவில்லை. இப்படிக்கு, ஆ. செண்பகவல்லி.'

நான் அதை அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து படித்தேன். முகமெல்லாம் சூடாகிவிட்டது. அந்தக் காலைக் காட்டித்தான் அவளை வீட்டில் நிறுத்தினேன். தலை நிமிர்ந்தால் எதிரே பித்தளைப் பலகையின் முதுகுதான் தெரிந்தது. பெயர் அந்தப் பக்கம் இருந்தது.

டோரதி அம்மாள் கடிதத்தை வாங்கிப் படித்தார்.

"நல்ல மனு. முப்பது நாளுக்குள் பதில் போக வேண்டும். செய்வதென்றால் குடையை எடுத்துவிட்டு இதைப் பதியலாம். முதல் பெண்மணி நேரில் வந்து தன் வாயால் சொல்ல வேண்டும்."

"நான் சொன்னால்?"

"தாங்கள் குடை என்று சொல்லிவிட்டீர்களே அம்மா."

அவளைக் கூட்டி வந்தால் குடை யாருடையது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். கேட்டார்கள் என்பதும், நான் அவளைக் கேட்கவில்லை என்பதும், ஒண்ணுமில்ல என்று சொன்னது பொய் என்பதும் தெரிந்துவிடும். அவளுக்கு இதெல்லாம் எப்போதோ தெரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவு மடையன். இருபத்தொன்பது நாள் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். அவள் சட்டையைத் துவைக்கப் போடும்போதெல்லாம் அதை எடுத்து அலமாரியில் வைத்து, மறுபடியும் புதுச் சட்டையின் பையில் வைத்துக் கொடுத்தாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. முப்பதாவது நாள் அச்சடித்த பதில் தாளை எடுத்தேன். 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது. மழைக்காலத்தில் குடையை மறவாதீர்கள்.' கீழே அவள் கையெழுத்தைப் போட்டு அனுப்பினேன்.

சனிக்கிழமை காலை தபால்காரர் வந்தபோது நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உறையை வாங்கினாள். நின்றபடியே படித்தாள். இரண்டு வரிதான், ஆனால் வெகுநேரம் படித்தாள்.

"முதல் பெண்மணி கையெழுத்து நல்லாருக்கு," என்றாள். "என் கையெழுத்த விட நல்லாருக்கு."

பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

"திங்கக்கெழம நீயே வா, செண்பகம்," என்றேன்.

"வாரேன். நீங்களும் வாங்க, வழி தெரியணும்லா. ஆனா அங்க வந்து வாயத் தொறக்கக் கூடாது."

திங்கட்கிழமை அவள் பட்டு கட்டவில்லை. ஜவுளிக்கடையில் கொடுத்த சாம்பல் நிறச் சீருடைச் சேலையைக் கட்டிக்கொண்டாள். பையை நான் தூக்கிக்கொண்டேன். வெள்ளை மாளிகை வாசலில் டோரதி அம்மாள் அவளைப் பார்த்து, "வாருங்கள் அம்மா," என்றார். நான்கு வருடமும் என்னை அழைத்த அதே குரல்தான். எங்கள் இருவருக்கும் இடையே வித்தியாசம் தெரிந்ததாக அவர் காட்டிக்கொள்ளவே இல்லை. வைதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

முதல் பெண்மணி பேசப்போகிறார் என்று பெரிய கூடத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். அதிபர், அமைச்சர்கள், வாத்தியக்காரர்கள், கதவுக்கு இரண்டு பேராகக் காவலர்கள், தட்டு ஏந்திய பரிமாறுகிற பெண்கள். நாடு முழுவதும் கேட்கும்படி ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். டோரதி அம்மாள் பேரேட்டில் குடையை ஒரு கோடு போட்டு அடித்தார். செண்பகவல்லி மேடை ஏறினாள். கையில் தாள் எதுவும் இல்லை.

"எல்லாரும் உக்காருங்க," என்றாள். "நின்னுக்கிட்டே வேல பாக்கவங்க மொதல்ல உக்காருங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நான் சொல்லுதேன்."

பரிமாறுகிற பெண்கள் தட்டுகளை வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். பிறகு காவலர்கள். பிறகு மற்றவர்கள். வாத்தியக்காரர்கள் குழல்களை மடியில் சாய்த்துக்கொண்டார்கள். அதிபர் படியிலேயே உட்கார்ந்துகொண்டார். எல்லா ஊர்களிலும் கடைப்பெண்கள் உட்கார்ந்துவிட்டதாகவும், துணி எடுக்க வந்தவர்கள் தாங்களே எடுத்து விரித்துப் பார்த்துக்கொள்வதாகவும் செய்தி வந்தது. கடைசியாகச் செண்பகவல்லி நீல மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, காலை நீட்டினாள். முழங்காலுக்குக் கீழே பச்சை நரம்புகள் சுருண்டு கிடந்தன. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் அவற்றை வெளிச்சத்தில் பார்த்ததில்லை.

எனக்கும் ஒருவர் நாற்காலி தள்ளினார். உட்கார முடியவில்லை. பையோடு சுவரோரமாக நின்றேன்.

தொலைபேசி அடித்தது. நாட்டில் நின்றுகொண்டிருந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் நானே போய் எடுத்தேன். துறைமுகத்திலிருந்து ஓர் அதிகாரி பேசினார். கடலுக்குள் தீவில் கையில் பந்தத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்குமே செப்புச் சிலை, அந்த அம்மாள் சற்று முன்பு உட்கார்ந்துவிட்டாராம். பந்தத்தை மடியில் வைத்திருக்கிறாராம். இரண்டு காலும் தண்ணீருக்குள் கப்பல் பாதையில் நீட்டியிருக்கிறதாம். என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்.

வாய்க்குள் ஒரு பதில் தயாராக வந்துவிட்டது. அதை விழுங்கினேன். தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு செண்பகவல்லியின் பக்கம் திரும்பி, விஷயத்தைச் சொல்லி, என்ன செய்யட்டும் என்று கேட்டேன். அவளிடம் கேட்டு நான் ஒரு காரியம் செய்தது அதுதான் முதல் தடவை.



"கால நீட்டிக்கிடட்டும், பாவம்," என்றாள். "கப்பலச் சுத்திப் போகச் சொல்லுங்க."

அப்படியே சொன்னேன்.