மிளகுக்கு எத்தனை குட்டி

எங்கள் வீட்டில் நாய்களுக்கு ஸ்கேன் எடுப்பதில்லை. பதினொரு வருஷமாகப் பொமரேனியன் வளர்க்கிறேன். ஆணோடு சேர்த்த இருபத்தெட்டாவது நாள் காலை, தீனி வைப்பதற்கு முன்னால், நாயை மேஜை மேல் நிற்க வைத்து அடிவயிற்றில் விரல் கொடுத்துப் பார்ப்பேன். சினை பிடித்திருந்தால் கோலிக்குண்டு அளவில் உருண்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக விரலுக்குள் நழுவும். அப்போதே எண்ணிச் சொல்லிவிடுவேன். பத்தொன்பது ஈற்றில் இரண்டு தடவைதான் எண்ணிக்கை ஒன்று கூடக் குறைய இருந்தது. சினையே இல்லாததைச் சினை என்று சொன்னது கிடையாது.

இந்தப் பெருமையை நான் மனசுக்குள் வைத்துக்கொள்ளவும் இல்லை. என் கணவரின் தங்கை நகரத்தின் மறுகோடியில் இதே தொழில் செய்கிறாள். வயது நாற்பத்திரண்டு; வீட்டில் எல்லோருக்கும் இன்னும் பாப்பாதான். தொழிலை என்னிடம் கற்றவள். என்னிடமிருந்து போன குட்டிதான் அவளுடைய முதல் நாய். ஆறே வருஷத்தில் அவள் வீட்டில் சூட்டு விளக்கு, கிராம் காட்டும் தராசு, குட்டிப் பெட்டிக்கு மேலே கேமரா எல்லாம் வந்துவிட்டன. ஒவ்வொரு சினைக்கும் இரண்டு ஸ்கேன். ஒருநாள் குடும்பத்தில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது அவளிடம் சொன்னேன்:

"உனக்கு மெஷின் சொன்னாத்தான் தெரியும். எனக்குக் கை சொல்லிடும்."

"சொல்லட்டும் அண்ணி. அதுக்கு பிரிண்ட் வருமா?"

எல்லோரும் சிரித்தார்கள். என் கணவர் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கண்ணுக்குத் தெரியாத எதையும் அவர் நம்புவதில்லை.

மிளகு எங்கள் வீட்டுக் கறுப்பு நாய். நான்கு வயது, இரண்டேகால் கிலோ, இதுவரை ஒரு ஈற்று. இந்தத் தடவை இருபத்தெட்டாவது நாள் வயிற்றைப் பார்த்தபோது மூன்று உருண்டைகள் தெளிவாகத் தட்டுப்பட்டன. மூன்று என்று சொன்னேன். குட்டிக்குச் சொல்லி வைத்திருந்த மூன்று பேருக்கும் அன்றே தகவல் கொடுத்தேன்: எதிர்வீட்டுத் தையல்காரம்மா, என் கணவரின் கடைக்கு வரும் பஸ் டிரைவர், ஒரு பள்ளிக்கூட ஆயா. பாப்பாவுக்கும் போனில் சொன்னேன்.

"மூணா? கன்ஃபர்மா?"

"கை சொல்லுது."

"சரி, கைக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள்.

மிளகும் என்னை ஏமாற்றவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். வயிறு பெருத்தது. காம்புகள் சிவந்து தடித்தன. ஐம்பத்தைந்தாவது நாள் அழுத்தினால் பால் துளிர்த்தது. பின்னறையில் குட்டிப் பெட்டியைப் போட்டு, பழைய துண்டுகளை விரித்தேன். அது துண்டைக் கால்களால் பறித்துப் பறித்துக் குழி செய்தது. ஐம்பத்தெட்டாவது நாளிலிருந்து காலையும் மாலையும் உடம்புச் சூட்டை எடுத்து நோட்டில் எழுதினேன். முப்பத்தெட்டுக்கு மேல் இருப்பது முப்பத்தேழுக்கு இறங்கினால் ஒரு நாளைக்குள் குட்டி என்று அர்த்தம். அது இறங்கவில்லை. அறுபத்து மூன்றாவது நாள் முப்பத்தெட்டு புள்ளி மூன்று. அறுபத்து நாலிலும் அதேதான்.

அறுபத்தைந்தாவது நாள் காலை பின்னறைக்குப் போனால், மிளகு பெட்டிக்குள் மூன்று மூக்குக்கண்ணாடி உறைகளை வயிற்றோடு சேர்த்து அணைத்துப் படுத்திருந்தது. மெத்தென்ற உறைகள். என் கணவரின் பையிலிருந்து எடுத்து வந்திருக்கிறது. கை நீட்டினால் உறுமியது.

அவர் வாசற்படியில் நின்று பார்த்தார். "மூணு. நீ சொன்ன கணக்கு சரியாத்தான் இருக்கு."

நான் நோட்டைத் திறந்து முந்தின நாள் சூட்டைத் திரும்பப் பார்த்தேன்.

"டாக்டர்கிட்ட போலாம்பா. பிடிவாதம் வேண்டாம். உள்ள எதாவது சிக்கிக்கிட்டு இருந்தா?"

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. மறுநாள் காலை கிளம்பினோம். டாக்டர் வயிற்றை மழித்து, பசை தடவி, ஸ்கேன் கருவியை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். திரையில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்குப் புரிந்தது.

"குட்டி இல்லீங்க. இருந்ததுக்கு அடையாளமும் இல்ல. பொய்ச்சினை."

"டாக்டர், நான் தொட்டுப் பார்த்தேன். மூணு உருண்டை."

"எந்நேரம் பார்த்தீங்க?"

"காலையில. தீனிக்கு முன்னாடி."

"வெளிய கூட்டிட்டுப் போயிட்டு வந்தப்புறமா, போறதுக்கு முன்னாலயா?"

அன்று மழை. வெளியே கூட்டிப் போகவில்லை. நான் யோசிப்பதைப் பார்த்தே அவர் புரிந்துகொண்டார். "அது மலக்கட்டியா இருந்திருக்கும்" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். என் கணவர் திரும்பிச் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் படிக்க ஆரம்பித்தார். அவர் தோள் குலுங்கியது.

பால் கட்டிக்கொண்டால் மடி வீங்கிவிடும், அதனால் பால் வற்றுவதற்கு டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். தினம் ஒரு வேளை, ஐந்து நாள். அங்கேயே முதல் வேளையை ஊற்றினேன். வீட்டுக்கு வரும் வழியில் கணவரிடம், யார் கேட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொன்னேன். முக்கியமாக அவர் தங்கை கேட்டால்.

"எத்தனை நாளைக்கு? யானைக்கே இருபத்திரெண்டு மாசம்தான்."

"நான் பார்த்துக்கறேன்."

மறுநாள் காலை இரண்டாவது வேளை மருந்தும் கொடுத்தாகிவிட்டது. பதினொரு மணிக்குப் பாப்பா போன் செய்தாள். குரல் அவளுடையதாகவே இல்லை.

அவளுடைய நாய் சீமாட்டி ஒன்பது நாளுக்கு முன்னால் நான்கு குட்டி போட்டிருந்தது. முந்தின நாள் திடீரென்று மூச்சிரைத்து, கால் விறைத்து, நடுங்க ஆரம்பித்துவிட்டதாம். சின்ன ஜாதி நாய்களுக்குப் பால் கொடுக்கும்போது வருவதுதான். உடம்பில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து முழுக்கப் பாலில் போய்விடும். ஊசி போட்டுப் பிழைக்க வைத்துவிட்டார்கள். ஆனால் இனி ஒரு சொட்டுப் பால்கூடக் கொடுக்க விடக் கூடாது என்று அவளுடைய டாக்டர் சொல்லிவிட்டார். பாப்பா பாட்டிலில் கொடுத்துப் பார்த்திருக்கிறாள். காலையில் ஒரு குட்டிக்குப் புரையேறி, மூக்கு வழியாகப் பால் வந்து, அவள் கையிலேயே போய்விட்டது.

"மத்த மூணும் காம்பைத் துப்புது அண்ணி. எனக்குத் திரும்பக் கொடுக்கவே கை வரல. மிளகு போட்டாச்சா?"

உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். நான் சொன்னது இது:

"போட்டுச்சு. ஒண்ணும் தங்கல."

"ஐயோ" என்றாள். "மூணுமா?"

"மூணும்."

"பால் இருக்கா?"

"இருக்கு. கூட்டிட்டு வரேன்."

பால் இருந்தது. அது மட்டும் பொய்யில்லை. மிளகைக் கூடையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் கிளம்பினேன். போனில் விஷயத்தைச் சொன்னதும் கணவர் கடையிலிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தங்கலைன்னா சொன்ன?" என்று மட்டும் கேட்டார். நான் அவரைத் தாண்டிப் போனேன்.

பாப்பா வீட்டின் நாயறை குளியலறையை ஒட்டி இருக்கிறது. ஜன்னலுக்குக் கீழே மேஜை, மேஜை மேல் தராசு, சுவரில் குட்டிகளின் எடை எழுதிய தாள். சீமாட்டி வேறு அறையில் கட்டப்பட்டு முனகிக்கொண்டிருந்தது. நான் மிளகின் துண்டால் மூன்று குட்டிகளையும் நன்றாகத் துடைத்து, அதன் வாடையை ஏற்றினேன். பிறகு மிளகைப் படுக்க வைத்து, தலையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக வயிற்றருகே விட்டேன். மிளகு முதல் குட்டியை முகர்ந்தது. வாலுக்கடியில் நக்கியது. அவ்வளவுதான், என் கையைத் தட்டிவிட்டுச் சுருண்டு படுத்து மூன்றையும் உள்ளே இழுத்துக்கொண்டது. குட்டிகள் சப்பும் சத்தம் கேட்டது.

பாப்பா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தலை வாரவில்லை, நைட்டியில் பால்கறை. "எங்க அண்ணன் உங்களைக் கட்டிக்கிட்டதுல இந்த ஒரு நல்லதாவது நடந்துச்சு" என்றாள். அவள் எனக்கு நன்றி சொல்லும் விதம் அப்படித்தான்.

பிறகு எழுந்து, "இனிமே இந்த எழவு வேண்டாம்" என்று பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்து, பால் பவுடர் டப்பாவை அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள்.

குட்டி போட்ட நாய்க்கு நாளாக ஆகப் பால் கூடும். பொய்ச்சினைப் பாலை அப்படி நம்ப முடியாது. போதாததற்கு, வற்றுவதற்கான மருந்து இரண்டு வேளை உள்ளே போயிருக்கிறது. டப்பாவை மேலே வைக்காதே என்று சொல்லியிருக்க வேண்டும். குட்டி இழுத்தால் ஊறிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று மாலை அவள் குட்டிகளை நிறுத்தாள்: இருநூற்று முப்பத்தொன்று, இருநூற்றுப் பதினெட்டு, நூற்றுத் தொண்ணூற்றாறு. நான் அங்கேயே தங்கினேன்.

மறுநாள் காலை இருநூற்று இருபத்தெட்டு. இருநூற்றுப் பதினாலு. சின்னது நூற்று எண்பத்தேழு.

பாப்பா தராசைத் துடைத்துவிட்டு மறுபடி நிறுத்தாள். அதே எண்கள்தான். "பேட்டரி போயிடுச்சா?" என்று அடியில் திருப்பிப் பார்த்தாள். அந்த வயதுக் குட்டி ஒரு நாளில் பத்து பன்னிரண்டு கிராம் ஏற வேண்டும். சின்னக் குட்டி மற்றவற்றை விட்டு விலகி, மூலையில் தலையை ஆட்டிக்கொண்டு கீச்கீச்சென்றது. வயிறு நிறைந்த குட்டி கத்தாது. ஆறு வருஷத்துக்கு முன்னால் இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

"வேற பேட்டரி இருக்கு, பொறுங்க" என்று எழுந்தாள்.

"தராசு சரியாத்தான் இருக்கு பாப்பா. பால் போதல."

"எப்படிப் போதாம இருக்கும்? இப்பத்தானே போட்டுச்சு?"

"போடல. மிளகுக்குச் சினையே இல்ல. பொய்ச்சினை. டாக்டர் பால் வத்த மருந்து கொடுத்தாரு, ரெண்டு வேளை ஊத்திட்டேன். அந்த டப்பாவை இறக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி டப்பாவை இறக்கினாள். தண்ணீரைச் சூடாக்கினாள். பவுடரை அளந்து போட்டாள். அளவுக் கரண்டியைத் தட்டும் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது. நான் அதற்குள் எங்கள் டாக்டருக்குப் போன் போட்டு, அவள் காதில் விழும்படி எல்லாவற்றையும் சொன்னேன். மருந்தை உடனே நிறுத்தச் சொன்னார். குட்டி இழுக்க இழுக்கப் பால் திரும்பலாம், நாலைந்து நாள் ஆகும், அதுவரை ஒவ்வொரு தடவையும் மிளகிடம் விட்ட பிறகு பாட்டிலில் மேல்பால் கொடுக்க வேண்டும் என்றார். "சின்னதை மட்டும் கவனமாப் பாருங்க. அதுக்கு இன்னைக்கு ஒரு நாள்தான் டைம்."

பாட்டில் தயாரானதும் பாப்பா சின்னக் குட்டியை எடுத்து, கைக்குழந்தையைப் போல மல்லாக்க மடியில் சாய்த்தாள்.

"அப்படி இல்ல. குப்புற வை. மேஜை மேல துண்டைப் போட்டு, நாலு காலும் துண்டுல படற மாதிரி. தலை லேசா மேல. மல்லாக்கக் கொடுத்தா நுரையீரலுக்குப் போயிடும்."

அவள் அப்படியே நின்றாள். நேற்றுக் காலை எப்படிக் கொடுத்தாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. குட்டியை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை, அவள் கைக்கு வெளியே என் கையை வைத்துப் பிடித்துக்கொண்டேன். இருவருமாகக் கொடுத்தோம். முதல் இரண்டு தடவை காம்பைத் துப்பியது. மூன்றாவது தடவை நாக்கைச் சுருட்டிக் காம்பைப் பிடித்தது. இரண்டு மில்லி இறங்கியது.

"எத்தனை நாளாத் தெரியும்?" என்றாள், குட்டியைப் பார்த்தபடியே.

"முந்தாநாள் காலையிலேர்ந்து."

"அப்ப நேத்து நான் டப்பாவை மேல வைக்கிறப்போ தெரியும்."

"தெரியும்."

"இதுக்கு எதாவது ஆகியிருந்தா உங்க வீட்டு வாசப்படி மிதிச்சிருக்க மாட்டேன் அண்ணி."

"நானும் கூப்பிட்டிருக்க மாட்டேன்."

அதற்கப்புறம் சாயங்காலம்வரை வேலைப் பேச்சு மட்டும்தான் பேசினோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மிளகிடம் விடுவது, பிறகு பாட்டில், பிறகு ஈரப்பஞ்சால் துடைத்து மூத்திரம் போக வைப்பது. பாப்பா தாளில் புதிதாக ஒரு கோடு கிழித்து, மேல்பால் எத்தனை மில்லி என்று எழுத ஆரம்பித்தாள். மாலை எடை நூற்று எண்பத்தெட்டு. ஒரே ஒரு கிராம். ஆனால் இறங்கவில்லை.

மறுநாள் மதியம், குட்டிகள் தூங்கும்போது, நான் அவள் எதிரிலேயே உட்கார்ந்து சொல்லி வைத்திருந்த மூன்று பேருக்கும் போன் செய்தேன். சினையே இல்லை, நான் தொட்டுப் பார்த்தது தப்பு என்று ஒவ்வொருவரிடமும் அதே வார்த்தைகளில் சொன்னேன். டிரைவர் பரவாயில்லை என்றார். ஆயா, நாய்க்கு உடம்பு நல்லா இருக்கிறதா என்று கேட்டாள். தையல்காரம்மாதான் விடவில்லை. "நான் அதுக்கு மெத்தையே தச்சு வச்சுட்டேன். அப்ப வயித்துல இருந்தது என்னதான் அது?"

சொன்னேன். எதிரே பாப்பா முந்தின நாளிலிருந்து அடக்கி வைத்திருந்ததை விட்டுவிட்டாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். மிளகு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

"மூணுன்னு எண்ணி வேற சொன்னீங்களே அண்ணி."

ஆறாவது நாள் நான் மட்டும் வீட்டுக்குத் திரும்பினேன். மிளகு இன்னும் மூன்று வாரம் அங்கேதான் இருக்கும். பாப்பா காலையும் மாலையும் எடையையும் மேல்பால் அளவையும் போனில் அனுப்புகிறாள். வேறு ஒரு வார்த்தையும் எழுதுவதில்லை, எண்கள் மட்டும்தான். நேற்று மாலை சின்னது இருநூற்று முப்பத்தாறு. மேல்பால் என்ற இடத்தில் எண் இல்லாமல் வெறும் கோடு போட்டிருந்தாள்.