நூறாவது சாவு

அன்று காலை ஒன்பதரை மணிக்குள் சேந்தன் தொண்ணூற்றொன்பது முறை செத்திருந்தான். இன்னும் ஒரு சாவுதான் பாக்கி. அதை முடித்தால் அக்கா மகளின் காதுகுத்துக்குப் போய்விடலாம். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே காது குத்துவார்கள்? பத்தரைக்கு முகூர்த்தம். கோயில் அடுத்த தெருவில்தான்.

மூடிக்கிடந்த ரைஸ் மில்லில் ஒத்திகை. பழைய இதிகாசம் ஒன்றை வெறும் உடலசைவால் நாடகமாக்கிக்கொண்டிருந்தார் இயக்குநர் யசோதரா. கதையில் ஒரு ராஜாவின் நூறு பிள்ளைகளும் போரில் சாகிறார்கள். நூறு பேருக்கு எங்கே போவது? நூறும் சேந்தன்தான். கொல்பவன் இருளப்பன் ஒருவனே.

"வசனமே கிடையாது. நடிக்கிறவங்க யாராச்சும் வாயத் திறந்தா மொதல் சாவுலேருந்து ஆரம்பிக்கணும்," என்று யசோதரா முதலிலேயே சொல்லிவிட்டார். "உடம்பு பேசட்டும்."

பேசத்தான் செய்தது. இருளப்பன் முழங்காலில் வைத்து முதுகெலும்பை மடக்கென்று ஒடித்தான். தொண்டையில் ஏறி மிதித்தான். மண்டையைத் தூணில் மோதினான். நெஞ்சைக் கையாலேயே பிளந்தான். சும்மா சொல்லக் கூடாது, அவன் வேலையில் ஒரு குறை கிடையாது.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. சாவுக் காட்சி முடிந்ததும் கொன்றவன் செத்தவனை நிஜப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அப்போதுதான் செத்தவன் எழுந்திருப்பான். வசனத்தை எல்லாம் வெட்டியவர்கள் அசந்தாற்போல அதையும் சேர்த்து வெட்டிவிட்டார்கள். அதனால் ஒவ்வொரு சாவுக்கும் ஒரு சேந்தன் விழுந்து கிடந்தான். மிச்சமிருந்த சேந்தன் அடுத்த சாவுக்குப் போய் நின்றான். கிடந்தவர்களைச் சுவரோரம் நெல் மூட்டைபோல் அடுக்கி, தரையை மாப் போட்டுத் துடைத்தார்கள்.

இப்போது நின்றவன் கடைசிச் சேந்தன். இருளப்பனைப் பார்த்துத் தன் வாயைத் தொட்டுக் காட்டினான். முடிந்ததும் கூப்பிடு என்று அர்த்தம். இருளப்பன் தலையாட்டினான்.

அந்த நேரம் பார்த்து அக்கா செண்பகம் பட்டுப்புடவையும் இடுப்பில் குழந்தையுமாக உள்ளே வந்தாள்.

"டேய் சேந்தா! மணி என்னாச்சு? வாடா!"

சுவரோரம் கிடந்த தொண்ணூற்றொன்பது பேரும் எழுந்தார்கள். ஒருவன் தொங்கிய தலையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டான். இன்னொருவன் நெஞ்சை மூடிச் சட்டைப் பொத்தானைப் போட்டான்.

"வந்துட்டேங்க்கா," என்றார்கள். நடித்து முடித்தவர்கள்தானே என்று யசோதரா கண்டுகொள்ளவில்லை.

"சட்டையெல்லாம் ரத்தம். தாய்மாமன் வந்து நிக்கிற லட்சணமாடா இது? சரி சரி, நடங்க. ஆசாரி வந்து ஒக்காந்துட்டாரு."

குழந்தை அவர்களிடம் போகவில்லை. நின்றுகொண்டிருந்தவனைப் பார்த்துக் கையை நீட்டியது. பாவம், சேந்தனும் ஓரடி முன்னால் வந்தான். அக்கா, நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தான். யசோதரா ஒரு விரலை உயர்த்திக் காட்டினார். முதல் சாவு. மறுபடி நூறும் செத்து முடிப்பதற்குள் முகூர்த்தம் போய்விடும். வாயை மூடிக்கொண்டான்.

"எல்லாரும் வந்தாச்சுல்ல?" என்றாள் செண்பகம். எண்ணிப் பார்க்கவில்லை. அழும் குழந்தையோடு அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

சேந்தன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். வேட்டியை நீவி மடியைச் சரிசெய்துகொண்டான். இருளப்பன் பின்னால் வந்து கழுத்தைத் திருகினான். ஒரே திருகுதான். தலை முதுகுப் பக்கம் திரும்பியது, சம்மணம் கலையவில்லை.

இருளப்பன் குனிந்தான். கூப்பிட வாயைத் திறந்தான்.

யசோதரா உதட்டில் விரல் வைத்தார். "இப்பத்தான் சரியா வந்துச்சு. அப்பிடியே இருக்கட்டும். நாளைக்கு அரங்கேற்றம்."

இருளப்பன் அழுதான். சத்தமில்லாமல்தான் அழுதான்.

பத்தரைக்குக் கோயில் பக்கமிருந்து குழந்தை வீறிட்டது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் வீறிட்டது. இரண்டு காதும் ஆயிற்று. சேந்தனின் மடி காலியாக இருந்தது.