வாடை: உண்டு

செவ்வாய்க்கிழமைதோறும் காலை ஏழு மணிக்குப் பாதுகாப்புக் கூட்டம். கூட்டம் என்றால் மூன்றே பேர்: மேலாளர் லைல், கேஸ் லாரி ஓட்டும் வெர்லின், கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஆர்டிஸ். நடுவில் ஒரு பெட்டி டோனட். வெளியே மைனஸ் இருபத்தெட்டு. வடக்கு மினசோட்டாவின் பிப்ரவரியில், வாசல் டேங்கில் நிரப்பி வீட்டைச் சூடாக்கும் புரொப்பேன் கேஸ் நின்றால் வீட்டுக் குழாய்களில் தண்ணீர் அரை நாளில் உறைந்துவிடும்.

லைல் புதிய விதிகளை ஒரே சுருதியில் வாசித்துக்கொண்டிருந்தான்.

"வெர்லின், தூங்காத. இது உனக்குத்தான். டேங்க் காலியாகிப் போன வீட்ல, கசிவு பாக்காம கேஸ் நிரப்பக் கூடாது. வீட்ல ஆள் இல்லன்னா நிரப்பாம திரும்பிரணும்."

"போன வருஷமும் இதத்தானே வாசிச்ச?"

"போன வருஷமும் நீ தூங்கிட்ட."

ஆர்டிஸ் சிரித்தாள். கையிலிருந்த டோனட்டில் இலவங்கப்பட்டை தூவியிருந்தது. கண்ணால் பார்த்ததால் தெரிந்தது. வாயில் போட்டால் ஈரமான பஞ்சு.

"கடைசியா ஒன்னு," என்றான் லைல். "சப்ளையர் அனுப்பின நோட்டீஸ். ஜனவரி பதினாறாம் தேதி, வாடை மருந்து கலக்கிற பம்ப் கொஞ்ச நேரம் நின்னு போச்சாம். அன்னிக்கு ஏத்தின லோடுல ஒன்னு நமக்கு வந்திருக்கு."

வெர்லின் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"பயப்படாத. பதிவேட்டப் பாத்துட்டேன். 'வாடை: உண்டு'ன்னு எழுதி, கீழ ஆர்டிஸ் கையெழுத்து. இவ மூக்கு மேல இருக்கிற நம்பிக்கை எனக்கு எங்க பாஸ்டர் மேல கூட இல்ல." தாளை அவள் பக்கம் தள்ளினான். "இதுல ஒரு கையெழுத்துப் போட்டுரு. மத்தியானத்துக்குள்ள அனுப்பணும்."

புரொப்பேனுக்கென்று சொந்தமாக ஒரு வாடை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் அழுகிய முட்டை நாற்றத்தை அதில் கலக்கிறார்கள். கிடங்குக்கு வரும் ஒவ்வொரு லோடையும் குழாய் முனையில் துளி திறந்து, முகர்ந்து, பதிவேட்டில் எழுத வேண்டும். பத்தொன்பது வருடங்களாக அது ஆர்டிஸின் வேலை. டிசம்பரில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது காப்பி வெறும் சுடுதண்ணீராகியிருந்தது. ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வாரமும் சொல்லவில்லை. குழாய் முனையில் குனிவாள், மூக்கில் குளிர் மட்டும் ஏறும், 'உண்டு' என்று எழுதுவாள். பத்தொன்பது வருடத்தில் ஒரு நாள்கூட அது இல்லாமல் இருந்ததில்லையே. தன் வீட்டு அடுப்புத் திருகை மட்டும் ஒரு நாளைக்கு நாலு தடவை தொட்டுப் பார்த்தாள். மற்றவர்களின் அடுப்புகளைப் பற்றி நினைப்பு வரும்போதெல்லாம் எழுந்து வேறு வேலை பார்த்தாள்.

"கண்ணாடி லாரில இருக்கு. எடுத்துட்டு வந்து போடறேன்," என்று தாளோடு வெளியே வந்தாள். வெர்லின் பின்னாலேயே வந்தான்.

"கண்ணாடி உன் தலையிலதான் இருக்கு."

அவள் லாரியின் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். "பதினேழாம் தேதி அந்த லோடத்தானே ஏத்திட்டுப் போன. ஏழு வீடு. ஒவ்வொரு வீட்லயும் ஹோஸக் கழட்டும்போது நீ முகர்ந்தியா?"

"என் கோட்டே நாறுது ஆர்டிஸ். என் பொண்டாட்டி இத வாசலுக்கு வெளியவே கழட்டி மாட்டச் சொல்றா. நாள் பூரா இதுல கிடக்கிறவனுக்கு எது கோட்டு, எது கேஸுன்னு எங்க தெரியுது? நீ எழுதியிருந்தா எனக்குப் போதும்."

அவன் அவளை நம்பியிருந்தான். அவளோ பழக்கத்தை நம்பியிருந்தாள். யாருமே முகராத கேஸ் ஏழு வீடுகளில் எரிந்துகொண்டிருந்தது.

"எனக்கு மூக்கு போயிருச்சு வெர்லின். டிசம்பர்லயே."

அவன் கிண்டலாக எதையோ சொல்ல வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். "அந்த ஏழுல புது டேங்க் ஒன்னு இருக்கு. பிரிட்டா வீடு," என்றான் மெதுவாக. புது இரும்பு, இருக்கிற வாடையையும் குடித்துவிடும். பிரிட்டாவுக்கு ஆறு மாதக் குழந்தை.

பிரிட்டாவுக்குப் போன் போட்டார்கள். அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. பிக்கப் வண்டியில் பதினொரு மைல். அவ்வளவு தூரமும் ஆர்டிஸ் மரங்களுக்கு மேலே புகை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள்.

பிரிட்டா குழந்தையோடு கதவைத் திறந்தாள். "போன் மாடியில இருக்கு, இவன் இப்பத்தான் தூங்கினான். என்ன விஷயம்?"

காரில் போய் உட்காரச் சொன்னார்கள். வெர்லின் கசிவு மீட்டரோடு கீழ்த்தளத்தில் இறங்கினான். திரும்பி வந்து தலையை ஆட்டினான். பூஜ்ஜியம். ஆனாலும் ஆர்டிஸ் பிரிட்டாவை டேங்க் அருகே கூப்பிட்டு, சின்ன வால்வைத் துளி திறந்தாள். வெள்ளை ஆவி சீறியது.

"முகர்ந்து பாத்துச் சொல்லும்மா."

பிரிட்டா குனிந்தாள். மறுபடியும் குனிந்தாள். பிறகு பரீட்சையில் விடை தெரியாதவள் போல நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்த வாடை வரணும்?"

ஆர்டிஸ் டேங்கை மூடி, யாரும் திறக்கக் கூடாது என்ற சிவப்பு அட்டையைக் கட்டினாள். "சரியாகிற வரைக்கும் நான் மாமியார் வீட்ல இருக்கணுமா?" என்றாள் பிரிட்டா. "இதுக்குக் கேஸே தேவலை." ஆர்டிஸ் கிடங்குக்குப் போன் போட்டாள்.

லைல் போனை எடுத்தான்.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன், லைல். அந்த லோட நான் முகரல. டிசம்பர்ல இருந்து எனக்கு ஒரு வாடையும் தெரியல."

கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அந்தக் கத்தலுக்குப் பயந்துதான் இத்தனை வாரம். அவன் கத்தவில்லை.

"எத்தன லோடு?" அவன் குரல் மிகச் சின்னதாக இருந்தது.

"பதினொன்னு."

"மத்த ஆறு வீட்டுக்கும் நான் போன் போடறேன். நீங்க அங்கயே இருங்க." பத்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டான். ஐந்து வீட்டில் எடுத்தார்கள், எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். ஏரிக்கரையில் தனியாக இருக்கும் ஹாகே எடுக்கவில்லை.

இருவரும் ஏரிக்கரைக்குப் போனபோது ஹாகேயின் கதவு பூட்டியிருந்தது. மணியை அழுத்தப் போன வெர்லினின் கையை ஆர்டிஸ் பிடித்து நிறுத்தினாள்; உள்ளே கேஸ் இருந்தால் ஒரு பொறி போதும். டேங்க் வால்வை மூடிவிட்டு வந்து, கதவின் அடி இடுக்கில் மீட்டரை வைத்தாள். புரொப்பேன் கனமானது, தரையோடு தவழும். எண் பூஜ்ஜியத்தில் நின்றது. இரண்டானது. ஏழானது. பிறகு வேகமாக ஏறத் தொடங்கியது.

அவர்கள் பின்வாங்கினார்கள். ஜன்னல் திரைகள் அசையாமல் தொங்கின. படியில் எப்போதும் கிடக்கும் ஹாகேயின் பனி பூட்ஸ் இல்லை. உள்ளே ஆள் இல்லை என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஏரிப் பக்கம் திரும்பினாள். உறைந்த ஏரியின் பனிக்கட்டி மேல் நிறுத்தியிருந்த மீன்பிடிக் குடிசையிலிருந்து ஒரு உருவம் வாளியோடு நடந்து வந்துகொண்டிருந்தது. வாயில் சிகரெட். அது பற்றியிருக்கிறதா என்று இங்கிருந்து தெரியவில்லை.

அவள் ஓடினாள். பனி முழங்கால்வரை இழுத்தது. பக்கத்தில் போய்ச் சேர்ந்தபோது அவர் ஒரு கையால் கோட்டுப் பையில் லைட்டரைத் துழாவிக்கொண்டிருந்தார். அவள் அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"என்ன ஆர்டிஸ், என்ன ஆச்சு?"

"வீடு பூரா கேஸ், ஹாகே. கிட்ட போகாதீங்க."

அவர் வீட்டைப் பார்த்தார். காற்று அங்கிருந்துதான் வீசிக்கொண்டிருந்தது. கிழவர் மூக்கை உயர்த்தி, நிதானமாக, ஆழமாக இழுத்துப் பார்த்தார்.

"வாடை ஒன்னும் வரலையே," என்றார்.

"தெரியும்," என்றாள் ஆர்டிஸ். அவர் கையை அவள் விடவில்லை.