குப்பம்மா தலைக்கு மேல் பிரெஞ்சு

சின்னப்பாறைக் குப்பத்தில் மீன் ஏலம் விடும் குப்பம்மா இரண்டு வருஷம் பத்து மாதம் ஊமையாக இருந்தாள். தொண்டையில் கோளாறு எதுவும் இல்லை. அவள் பேச வேண்டியதெல்லாம் தலைக்கு மேல் மிதந்த ஒரு வெள்ளைக் குமிழுக்குள் போய்விட்டது, அவ்வளவுதான். 2022 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வஞ்சிரம் கிலோ எழுநூற்றி இருபதுக்குப் போன அன்று, அது வந்தது. முறம் அளவு அகலம், சுற்றிலும் கறுப்புக் கோடு, கீழே அவள் வாயைப் பார்த்து நீண்ட ஒரு வால். எடை கிடையாது. காற்றடித்தால் ஒரு பக்கம் சாயும். மழை பெய்தால் தண்ணீர் அதன் மேல் விழுந்து பக்கத்தில் நிற்பவர் தோளில் வடியும். ஷேர் ஆட்டோக்காரர்கள் முதலில் ஏற்ற மறுத்தார்கள், பிறகு அவளை ஓரத்தில் உட்கார வைத்துக் குமிழை வெளியே விட்டு ஓட்டப் பழகிக்கொண்டார்கள். செங்கல்பட்டில் தொண்டை டாக்டர் கேமரா விட்டுப் பார்த்து, எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி ஆவி பிடிக்கச் சொன்னார். குமிழைப் பற்றி அவர் கேட்கவில்லை. அது அவருடைய பிரிவு இல்லை.

காரணம் எலோடி என்ற பிரெஞ்சுக்காரி. லீல் நகரத்தில் லிஃப்ட் பழுது பார்ப்பவரின் மகளாகப் பிறந்து, பத்தொன்பது வயதில் ஒரு சிறுவர் வாரப் பத்திரிகையில் பூனை வரைய ஆரம்பித்தவள். பூனை பேசும், சைக்கிள் ஓட்டும். ஒன்பது வருஷம் ஓட்டியது. குழந்தைகளுக்குப் பிடித்திருந்தது, ஆகவே பெரியவர்கள் யாரும் மதிக்கவில்லை. பிறகு விவாகரத்தானதும் அதைப் பற்றி இருநூறு பக்கத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு காமிக்ஸ் போட்டாள். ஒரு கட்டத்தில் ஒரு பெண் ஜன்னலருகே நிற்பாள், அடுத்த கட்டத்திலும் நிற்பாள், அதற்கடுத்த கட்டத்தில் ஜன்னல் மட்டும் இருக்கும். விமர்சகர்கள் அவளை மௌனத்தின் கலைஞர் என்றார்கள். படித்து முடிக்காத புத்தகத்தைப் பாராட்ட அந்த மாதிரி வார்த்தை வசதியானது. இரண்டாவது புத்தகத்தில் ஜன்னலுக்குப் பதில் படிக்கட்டு. நானூறு பிரதி போனது. பதிப்பாளர் அவளைக் கூப்பிட்டு, அடுத்ததும் இப்படிப் போனால் பூனைக்கே திரும்பிவிடலாம் என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். அவள் இரண்டு நாள் அழுதாள். மூன்றாவது நாள், ஐரோப்பாவில் சரக்குத் தீர்ந்துபோனவர்கள் வழக்கமாகச் செய்வதைச் செய்தாள்: இந்தியாவுக்கு டிக்கெட் எடுத்தாள்.

மாமல்லபுரத்தில் இறங்கிய மறுநாள் பல்லவர் செதுக்கிய பெரிய பாறைக்கு முன்னால் குடையில்லாமல் ஒரு மத்தியானம் நின்று, வெயில் தாக்கி மயங்கி விழுந்தாள். பல்லவக் கலையோடு அவளுக்கிருந்த மொத்த உறவும் அந்த ஒரு மத்தியானம்தான். இதை இங்கேயே எழுதி வைக்கிறோம், ஏனென்றால் பின்னால் அவள் வேறு மாதிரி சொன்னாள். அவளைத் தூக்கி உட்கார வைத்து எலுமிச்சை ஜூஸ் கொடுத்தவள் ரெஜினா. படாளத்தில் அடுத்தவர் நிலத்தில் கரும்பு வெட்டியவர்களின் மகள். சென்னையில் பிரெஞ்சு படித்து, மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்களுக்கு வழிகாட்டியாக இருந்தாள். ஆட்களை வரைய வேண்டும் என்று எலோடி கேட்டதால், ரெஜினா அவளைத் தெற்கே மூன்று கிலோமீட்டர் தள்ளியிருந்த எங்கள் குப்பத்துக்குக் கூட்டி வந்தாள்.

இங்கே காலை ஆறு மணிக்கு ஏலம். படகுகள் வந்ததும் குப்பம்மா ஈர மணலில் குதிகாலால் கட்டம் போடுவாள். ஒவ்வொரு படகு மீனுக்கும் ஒரு கட்டம். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. முதல் கட்டத்திலிருந்து வரிசையாக நடந்து, இந்த மீன் எங்கே விழுந்தது, எந்த மடையன் தூங்கியதால் பாதி தப்பியது, படகுக்காரனை அவன் பொண்டாட்டி நேற்று ஏன் வீட்டுக்குள் விடவில்லை என்று கூவிக்கொண்டே வருவாள். கட்டம் மாறினால் கதை மாறும். விலை பிடித்தவர் அந்த இடைவெளியில் கால் வைக்க வேண்டும். வைத்தால் மீன் அவருடையது. எழுத்து, கையெழுத்து எதுவும் இங்கே செல்லாது. அவள் வாய், வாங்குபவர் கால், அவ்வளவுதான். முதல் நாள் எலோடி நன்றாகப் பார்ப்பதற்காக ஒரு எட்டு முன்னால் வந்து, இரண்டு கட்டத்துக்கு நடுவில் போய் நின்றாள்.

"இன்னாம்மா வெள்ளைக்காரம்மா, கால வச்சிட்டு முழிச்சிகினு கீற? காரப்பொடி ஒரு கூட உன்னுது. எடுத்துகினு போ."

"அக்கா, அவங்களுக்குத் தெரியாதுக்கா," என்றாள் ரெஜினா.

"தெரியாம வச்சா காலு காலு இல்லாம பூடுமா? சொல்லு அதுங்கிட்ட."

பன்னிரண்டு கிலோ காரப்பொடி மீனோடு எலோடி லாட்ஜுக்குத் திரும்பினாள். லாட்ஜ்காரர் அவளை மன்னிக்க ஒரு வாரமாயிற்று.

அடுத்த பதினோரு மாதம் அவள் ஒரு நாள் தவறாமல் வந்தாள். ரெஜினா பக்கத்தில் உட்கார்ந்து குப்பம்மாவின் ஒவ்வொரு வசவையும் பிரெஞ்சில் காதோடு சொன்னாள். பதினெட்டு வருஷம் காகிதத்தில் கட்டம் போட்டவளுக்கு, கட்டம் எதற்கு, நடுவில் இடைவெளி எதற்கு என்று இங்கேதான் தெரிந்தது. அவள் நோட்டிலிருந்து ஜன்னல் போயிற்று, படிக்கட்டு போயிற்று. ஆட்கள் வந்தார்கள், அவர்களுக்கு வாய் வந்தது. கோடு குதிகாலால் இழுத்தது போலத் தடித்தது. சொல்லத்தான் வேண்டும், படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் அவள் வேலை செய்யும் முறை ஒன்று இருந்தது: முதலில் பென்சில், பிறகு மை, பேச்சுக் குமிழ்களை மட்டும் வெறுமையாக விட்டுவிடுவாள். வசனம் கடைசியில், ஊருக்குப் போய் நிதானமாக. அந்த ஆகஸ்ட் செவ்வாய்க்கிழமை, மணலில் உட்கார்ந்தே குப்பம்மா இருக்கும் முதல் பக்கத்துக்கு மை போட்டு முடித்தாள். மை காய்ந்த நேரத்தில், இருபது அடி தள்ளி, குப்பம்மா அடுத்த மீனுக்கு 'கொடுவா' என்று கூவ வாயைத் திறந்தாள். 'கொ' வந்தது. மீதி வரவில்லை. தலைக்கு மேல் குமிழ் நின்றது.

எலோடி பயப்படவில்லை. தன் கலை உயிர் பெற்றுவிட்டது என்று டைரியில் எழுதிக்கொண்டாள். அந்த உயிர் யாரிடமிருந்து போனது என்று எழுதவில்லை. மீதிப் பக்கங்களையும் வரைந்து முடித்து, அடுத்த பிப்ரவரியில் விமானம் ஏறினாள்.

கரையில் கடைசிப் படகு வரைக்கும் யார் குரல் கேட்கிறதோ அவர்தான் ஏலம் விட வேண்டும் என்பது ஊர்க் கட்டுப்பாடு. இருபத்திரண்டு வருஷம் அது குப்பம்மாவின் குரல். அவளுக்கு வீடு, வாசல், மரியாதை, கோபம் எல்லாம் அதுதான். படகு முதலாளி ஒருவரின் மச்சான் ஜம்புலிங்கம் பதினைந்து வருஷமாக அந்த இடத்துக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தவன். உடனே செங்கல்பட்டுக்குப் போய் ஒரு கைமைக் வாங்கி வந்தான். கேட்க வேண்டும் என்றுதான் கட்டுப்பாடு, தொண்டையிலிருந்து கேட்க வேண்டும் என்று இல்லையே என்று பஞ்சாயத்தார் முடிவு செய்தார்கள். நியாயத்தை இவ்வளவு நுணுக்கமாக அவர்கள் வேறு எதிலும் பார்த்ததில்லை. குப்பம்மா கூடை சுமந்து, அணுமின் நிலையத்தார் குடியிருக்கும் அணுபுரம் குவார்ட்டர்ஸில் வீடு வீடாகப் போனாள். கூவ முடியாததால் தராசுத் தட்டை எடைக்கல்லால் தட்டினாள். இருபத்திரண்டு வருஷம் ஊரையே அதட்டியவள் குப்பைக்காரர் மாதிரி மணியடித்துக்கொண்டு திரிந்தாள்.

ஏப்ரலில் குமிழுக்குள் எழுத்து வந்தது. அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் புதிது புதிதாக ஒரு வரி, பிரெஞ்சில். லீலில் உட்கார்ந்து எலோடி வசனம் எழுத ஆரம்பித்திருந்தாள். ரெஜினாவை வரவழைத்துப் படிக்கச் சொன்னார்கள். ரெஜினா அண்ணாந்து பார்த்து, முகம் சுண்டிப்போய்ப் படித்தாள்: 'கடலுக்கு முகவரி கிடையாது.' மீன் புதுசா என்று கேட்ட அணுபுரத்து அம்மாவுக்குக் குப்பம்மா சொன்ன பதில்: 'காலம் ஒரு நண்டு, அது நேராக நடப்பதில்லை.' நெத்திலி எடை குறைகிறது என்று சண்டைக்கு வந்தவருக்கு: 'நான் விற்பது மீனை அல்ல, என் காத்திருப்பை.' பதினோரு மாதம் ரெஜினா காதில் ஓதிய வசவு ஒன்றுகூட அதில் இல்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. தான் சுமந்து கொடுத்த சரக்கு எங்கே கொட்டப்பட்டது என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. புதுச்சேரியிலிருந்து வந்த சில பிரெஞ்சு சுற்றுலாப் பயணிகள் மட்டும் குமிழைப் படித்துவிட்டு, கூடையில் இருந்த மீனைப் பார்க்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள்.

புத்தகம் செப்டம்பரில் வந்தது, ஜனவரியில் பரிசு வாங்கியது. மூலப் பக்கங்களைக் கண்ணாடிக்குள் போட்டு ஒரு மியூசியத்தில் மாட்டினார்கள். ஐம்பது பேட்டியில் ஐம்பது பேரும், உங்களைப் பாதித்தவர்கள் யார் என்று கேட்டார்கள். ஜப்பானிய மரக்கட்டைச் சித்திரங்கள், பிளாண்டர்ஸ் தேவாலயக் கண்ணாடி ஓவியங்கள், ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிகள் என்று எலோடி பட்டியல் படித்தாள். செத்து ஆயிரத்து முந்நூறு வருஷமானவர்கள் பங்கு கேட்டு வரமாட்டார்கள் என்ற தைரியம்.

2025 பிப்ரவரியில் அவள் தொலைக்காட்சிக் குழுவோடு திரும்பி வந்தாள். குப்பம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு நேராக அவள் முன்னால் போய் நின்றாள். குமிழைக் காட்டினாள், உள்ளங்கையால் காற்றைத் துடைத்தாள். மூன்று தடவை. அழித்துவிடு என்கிறாள் என்று ரெஜினா சொன்னாள். ஒரு கலைஞர் தன் படைப்பை அழிப்பது பெற்ற பிள்ளையைக் கொல்வது மாதிரி என்றாள் எலோடி. தவிர, இந்த அம்மாவின் மௌனத்தில் எவ்வளவு கண்ணியம் இருக்கிறது, பாருங்கள் என்று கேமராவைப் பார்த்துச் சொன்னாள். இரண்டாவதை ரெஜினா தமிழில் சொல்லவில்லை. குப்பம்மா ரெஜினாவின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

அன்று கரையில் புதிதாகக் கட்டிய ஏலக்கூடத்துக்குத் தரை போட்டிருந்தார்கள். அரசாங்கத் திட்டம், காண்டிராக்டர் உலகநாதன் அதிசயமாகச் சிமெண்டு கலந்து போட்டிருந்தார். ஈரம் காயவில்லை, சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. குப்பம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கயிற்றைத் தாண்டினாள். குதிகாலால் ஒரு கட்டம். அதற்குள் நீட்டு மூக்கு, தொப்பி, தோளில் பை. பார்த்தால் யாருக்கும் எலோடி என்று தெரியும். தலைக்கு மேல் ஒரு குமிழ், வாயைப் பார்த்து வால். பிறகு ரெஜினாவின் கையைப் பிடித்து இழுத்துக் குமிழுக்குப் பக்கத்தில் நிறுத்தி, தன் மார்பில் ஓங்கித் தட்டினாள்.

"உம் பேராக்கா?" என்றாள் ரெஜினா. குப்பம்மா இன்னொரு தடவை தட்டினாள்.

ரெஜினா ஒரு ஆணியால் ஐந்து எழுத்து எழுதினாள்: குப்பம்மா. பூர்வகுடிக் கலை என்று நினைத்துத் தொலைக்காட்சிக்காரர்கள் அதை ஆர்வமாகப் படம் பிடித்தார்கள். சாயங்காலம் தரை இறுகியது. பல்லவர்களைப் பற்றி ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்த எலோடியின் சத்தம் நின்றது. அவள் தலைக்கு மேல் ஒரு வெள்ளைக் குமிழ் வந்தது, உள்ளே அதே ஐந்து எழுத்து.

பிரான்சில் என்ன பேச வாயெடுத்தாலும் அந்த ஐந்து எழுத்துதான். டாக்சியில் குப்பம்மா, பல் டாக்டரிடம் குப்பம்மா. கையால் எழுதிக் காட்டப் பார்த்தாலும் அதுதான் வந்தது, தமிழே தெரியாத கையிலிருந்து, அச்சடித்தது போல. இது புதிய பாணி என்று விமர்சகர்கள் கட்டுரை எழுதினார்கள். மே மாதம் ஒரு நேரலைப் பேட்டியில், உங்களைப் பாதித்தவர் யார் என்று வழக்கம்போலக் கேட்டார்கள். குமிழ் பதில் சொன்னது. அழகான வடிவம் என்று பேட்டி எடுத்தவர் பாராட்டினார். ஸ்டுடியோவில் விளக்குப் பிடித்துக்கொண்டிருந்த மோசஸ் என்ற யாழ்ப்பாணத்துக்காரர் வாய் விட்டுப் படித்து, இது வடிவமில்லை, ஒரு பெண்ணின் பெயர் என்று பிரெஞ்சில் சொன்னார். மறுநாள் பத்திரிகைக்காரர்கள் ரெஜினாவைத் தேடிப் பிடித்தார்கள். அவள் ஒன்று விடாமல் சொன்னாள், வசவுகள் உட்பட.

ஜூன் மாதம் எலோடி மியூசியத்துக்குப் போய், சைகை காட்டிக் கண்ணாடிகளைக் கழற்ற வைத்து, நானூற்றி முப்பத்தொரு குமிழ்களையும் வெள்ளை மையால் படத்திலிருந்தே அழித்தாள். வெட்கமா, தன் சத்தம் திரும்பிவிடும் என்ற கணக்கா என்பது தெரியாது. கணக்கு என்றுதான் எங்கள் எண்ணம். கடைசிக் குமிழ் மறைந்தபோது குப்பம்மா ஏலக்கூடத்துக்கு வெளியே நின்றிருந்தாள். முதலில் வந்தது 'டுவா'. பாதியில் நின்ற மீதி. அடுத்து வந்ததைக் கேட்டு, எஞ்சினை அணைக்காத கடைசிப் படகிலிருந்து ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மைக்க கீழ வையிடா ஜம்பு! தொண்ட வந்துட்ச்சி!"

பஞ்சாயத்து கூடவேயில்லை. ஜம்புலிங்கம் மைக்கைக் கீழே வைத்தான்.

எலோடியின் சத்தம் திரும்பவில்லை. தரையை உடைத்துவிட வேண்டும், செலவைத் தருகிறோம் என்று அவள் பதிப்பாளர் ரெஜினா மூலமாகக் கடிதம் அனுப்பினார். திட்டத்தில் கட்டிய தரையை ஐந்து வருஷத்துக்கு உடைக்கக்கூடாது என்றார் உலகநாதன். குப்பம்மா சொன்னால் உடைக்கலாம் என்றது ஊர். ரெஜினா கடிதத்தை முழுக்கப் படித்துக் காட்டினாள். குப்பம்மா வெற்றிலையை மென்று முடித்துவிட்டுப் பேசினாள்.

"நல்ல தர, ஒடைக்க மனசு வரல. அவ எம் பேரச் சொல்லிகினு கீறதுல அவளுக்கு இன்னா கொறஞ்சி பூட்ச்சி?"

ரெஜினா அதை அப்படியே மொழிபெயர்த்து அனுப்பினாள். மறு கடிதம் வரவில்லை. தினமும் காலையில் வியாபாரிகள் எலோடியின் மூக்கின் மேல் நடந்து ஐஸ் பெட்டி தூக்குகிறார்கள். லீலில் அவள் தெருமுனை ரொட்டிக்கடைக்காரருக்கு இப்போது பழகிவிட்டது. காலையில் அவள் வந்து வாயைத் திறந்து, குமிழில் குப்பம்மா என்று வந்ததும், நீள ரொட்டி இரண்டைத் தாளில் சுற்றிக் கொடுத்துவிடுகிறார்.