தட்டுப் பிடித்தவன் அடுப்புக்கு வந்த நாள்

என் மாமனார் ஹோலிஸ் டீக் எங்கள் ஊரில் மாட்டுக்கறித் துண்டைச் சுடும் ஸ்டேக் போட்டியில் ஒன்பது முறை கோப்பை வாங்கியவர். அந்த ஒன்பது முறையும் அவர் பக்கத்தில் தட்டுப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். உப்பு கேட்டால் உப்பு, இடுக்கி கேட்டால் இடுக்கி. கிரில் அடுப்பின் மூடியைக்கூட என்னைத் தொட விட்டதில்லை. ஒருமுறை காற்றில் மூடி சாய்கிறதே என்று பிடிக்கப் போய், "கைய எடு மாப்ள, அது உன் வேலை இல்ல" என்று நாலு பேர் முன்னால் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பத்தாவது வருஷம் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. காபி குடித்தால் பாதி வாயில், பாதி சட்டையில். இடுக்கியால் கறியைத் திருப்ப முடியவில்லை. செப்டம்பர் கடைசியில் ஒருநாள், எங்கள் தீவனக் கடையில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த என்னிடம் வந்து, "இந்தத் தடவை நீதான். பேர் குடுத்துட்டேன்" என்றார். என்னைக் கேட்கவில்லை. அவர் யாரையும் கேட்பதில்லை.

வீட்டில் மார்லாவிடம் சொன்னேன். மார்லா என் மனைவி, அவருக்கு ஒரே மகள். கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்திவிட்டு, "நாம கெளம்புறதை அவர்ட்ட இன்னும் சொல்லலியே, வெர்லின்" என்றாள்.

அதுதான் விஷயம். கல்யாணமாகிப் பதினோரு வருஷமாகக் கடைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு அறை வீட்டில் இருக்கிறோம். நானும் கடை, அவளும் கடை, ஞாயிறு மதியம் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜை. மார்லாவுக்குக் கால்நடை வைத்தியம் படிக்க ஆசை. முப்பத்தைந்து வயதில், நாலு மணி நேரத் தொலைவில் உள்ள லப்பக் நகரத்தில் ஒரு கல்லூரி அவளுக்கு இடம் கொடுத்திருந்தது. ஜனவரியில் சேர வேண்டும். இதற்கு முன்னால் இரண்டு முறை கிளம்பப் பார்த்தோம். முதல் முறை மாமனாருக்கு நெஞ்சு வலித்தது. இரண்டாம் முறை கிடங்குக் கூரை இடிந்தது, நிஜமாகவே இடிந்தது. இரண்டு முறையும் கட்டிய பெட்டியைப் பிரித்துத் துணிகளைத் திரும்ப அலமாரியில் வைத்தவள் அவள்தான். இன்னொரு தடவை பிரிக்க வைத்தால் இந்த வீட்டிலேயே கிழவியாகிச் செத்துப்போவேன் என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

போட்டிக்கு முதல் நாள் சாயங்காலம் அவளே போய் அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லையாம். பல்குச்சியைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டாராம். கத்துகிற ஹோலிஸை எனக்குத் தெரியும், பேசாத ஹோலிஸைத் தெரியாது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு கோர்ட் கட்டடத்துக்கு முன்னால் இருக்கும் புல்வெளியில் முப்பத்திரண்டு அடுப்புகள். அறிவிப்பாளர் விதிகளைப் படித்தார். ஆளுக்கு இரண்டு துண்டு விலாக்கறி, ஒன்றைத்தான் நடுவர்களுக்குக் கொடுக்க வேண்டும். பேர் கொடுத்த ஆளைத் தவிர வேறு யாரும் நெருப்பைத் தொடக் கூடாது. கறி உள்ளே அரைவேக்காடாக, ரோஜா நிறமாக இருக்க வேண்டும். கறியை வைத்துக் கொடுக்கும் பெட்டியில் எந்த அடையாளமும் கூடாது. எல்லாம் எனக்கு மனப்பாடம். படித்து முடித்ததும் ஹோலிஸ் எழுந்து போய் மைக்கைக் கேட்டார். ஒன்பது முறை ஜெயித்தவர் கேட்டால் யார் இல்லை என்பது?

"ஒரே ஒரு சங்கதி," என்றார். "என் மகளும் மாப்ளயும் ஊரை விட்டுப் போறாங்களாம். நான் தடுக்கல. ஆனா ஒரு பந்தயம். மாப்ள இன்னைக்குத் தோத்தா, தாராளமா போகட்டும். நானே சாமானை வண்டில ஏத்தி விடுறேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஜெயிச்சான்னா, டீக் தீவனக் கடை அவன் பேருக்கு. பத்து வருஷம் இங்கயே இருந்து நடத்தணும். என்ன மாப்ள, சம்மதமா?"

கையை நீட்டினார். அந்தக் கை நடுங்கியது, ஊரே பார்த்தது.

எங்கள் பக்கத்தில் காகிதத்துக்கு அவ்வளவு மரியாதை கிடையாது. மாடு விற்பது, நிலம் கொடுப்பது, பெண் கொடுப்பது எல்லாம் கைகுலுக்கலில் முடிந்துவிடும். கை கொடுத்துவிட்டுப் பின்வாங்கியவனுக்கு அதற்கப்புறம் ஊரில் ஒருவனும் ஒரு மூட்டை ஓட்ஸ்கூட விற்க மாட்டான். அதே ஊரில், பெரிய மனுஷன் நாலு பேர் முன்னால் நீட்டிய கையை வாங்காமல் நிற்பதும் செருப்பால் அடித்த மாதிரிதான். யோசிக்க வேண்டும் என்று யோசிப்பதற்குள் என் கை போய் அவர் கையைப் பிடித்துவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். ஆப்பு அசைத்த குரங்கின் நிலைமை எனக்கு.

மார்லா எங்கள் பிக்கப் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். 

"கை குடுத்துட்டியா?"

"நீட்டுனாரு."

"அவரு நீட்டுனா? கெணத்துல குதின்னு சொன்னா குதிப்பியா?"

அவள் கொஞ்ச நேரம் தொப்பியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தாள். பிறகு முகம் தெளிந்தது.

"இதுவும் நல்லதுக்குத்தான். தோத்தா அவரால வாயே தொறக்க முடியாது, ஊரே சாட்சி. நெஞ்சு வலி, கூரைன்னு ஒண்ணும் செல்லாது. நீ தோத்துடு."

"எப்படி?"

"கருக்கிடு."

சரி என்றேன். மனசாரத்தான் சொன்னேன். முதல் முறை அடுப்பு முன்னால் நிற்பவன் தோற்பதற்கு மெனக்கெடவா வேண்டும்?

ஆனால் எங்கள் ஊரில் ஸ்டேக்கைக் கருக்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஒரு பாதிரியார் யாருடைய கல்யாணத்துக்கோ கறி சுடுகிறேன் என்று கிளம்பி அதைத் தோலாக்கிவிட்டார். அது நடந்து பதினாறு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் அவருக்குச் 'செருப்புப் பாதிரியார்' என்றுதான் பெயர். ஞானஸ்நானம் கொடுக்கும்போதுகூடப் பின்வரிசையில் யாராவது சிரிப்பார்கள்.

சீட்டுக் குலுக்கி, எண் வரிசைப்படி கறி எடுக்கக் கூப்பிட்டார்கள். என் எண் கடைசிக்குப் பக்கத்தில் வந்தது. மேஜையில் மிச்சமிருந்த துண்டுகளில் ஒன்று மெலிந்தது. இன்னொன்று இரண்டு விரல் கனம், உள்ளே முழுக்கக் கொழுப்பு இழை இழையாக ஓடியது. முன்னால் போனவர்கள் எப்படி இதை விட்டார்கள் என்றே தெரியவில்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டேன்.

"அந்தக் கனமானதை ஏன் எடுத்த?" என்றாள் மார்லா.

"ஏதாவது ரெண்டு எடுக்கணுமே."

பக்கத்து அடுப்பு வாண்டா ஜோவுடையது. அறுபது வயது, மாமனாரிடம் நாலு முறை இரண்டாம் இடத்தில் தோற்றவள். என்னைப் பார்த்ததும் அவளுக்குக் குஷி தாங்கவில்லை. "என்னடா தம்பி, தட்டுக்கு இன்னைக்கு லீவா? ஹோலிஸ் மாடு வாங்கும்போது பல்லைப் புடிச்சுப் பாத்துத்தான் வாங்குவாரு. மாப்ள வாங்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கிட்டாரு போல!"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். பதினோரு வருஷமாக அப்படித்தான் சிரித்து வைக்கிறேன்.

அடுப்புகளைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் மடக்கு நாற்காலியில் மாமனார் உட்கார்ந்திருந்தார். நடுங்கும் கைகள் இரண்டையும் தொடைகளுக்கு நடுவில் ஒளித்து வைத்திருந்தார்.

மெஸ்கீட் மரக்கட்டை எரிந்து தணலானதும் மெலிந்த துண்டை முதலில் போட்டேன். போட்டுவிட்டு அப்படியே நின்றேன். திருப்ப வேண்டிய நேரத்தில் திருப்பவில்லை. கொழுப்பு உருகி நெருப்பில் விழுந்து புகை எழும்பியது. எடுத்தபோது மேலே கரி, அமுக்கினால் பலகை. மார்லாவுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. அவளே தட்டில் வாங்கி, பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

"முடிஞ்சுது. இதைக் கொண்டுபோய்க் குடுத்துடு. ஜனவரி ரெண்டாந்தேதி லப்பக்."

அப்போதே கொண்டுபோயிருக்க வேண்டும். கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் வாண்டா ஜோ மூக்கைப் பொத்திக்கொண்டு, "யாராவது தீயணைப்பு வண்டியக் கூப்பிடுங்கப்பா!" என்று கத்தினாள். புல்வெளி முழுக்கச் சிரிப்பு. நான் மாமனாரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபமே இல்லை. இவனிடம் வேறென்ன எதிர்பார்த்தேன் என்பது போல இருந்தது.

"இன்னொண்ணையும் போட்டுப் பாக்கறேன்," என்றேன்.

"எதுக்கு?"

"நேரம் இருக்கே. நாம சாப்பிடலாம்."

மனைவியிடம் நான் சொன்ன பொய்களில் மோசமானது அதுதான்.

கனமான துண்டு நெருப்பில் விழுந்தபோது எழுந்த சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒன்பது வருஷம் தட்டுப் பிடித்தவன் சும்மா நின்றிருக்கவில்லை. எப்போது திருப்புவார், எந்தப் பக்கம் சூட்டைத் தணிப்பார், எப்போது மூடியை ஒரு விரற்கடை திறப்பார், எல்லாம் என் கைக்கு வந்து சேர்ந்திருந்தது. இரண்டு விஷயங்களில் அவர் செய்வது தப்பு என்றுகூட எனக்கு ஒரு எண்ணம் உண்டு. அதை என் போக்கில் செய்து பார்த்தேன். சரியாக வந்தது. உயிரோடு இருக்கிறேன் என்று அந்த எட்டு நிமிஷமும் எனக்குத் தோன்றியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மார்லா பக்கத்தில் நிற்பதே மறந்துபோயிற்று.

தெர்மாமீட்டரைக் குத்தினேன். முள் சரியான இடத்தில் நின்றது.

"எடுக்காத," என்றாள் அவள். "அது பாட்டுக்கு இருக்கட்டும், விடு."

எடுத்துவிட்டேன். அதை ஆற வைத்தேன். மணி அடித்தது, பெட்டி கொடுக்க இன்னும் ஐந்து நிமிஷம். நான் பெட்டியை நோக்கிக் கை நீட்டினேன். மார்லா மூடியின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"வேணாம் வெர்லின்."

"கைய எடு மார்லா."

அவள் உடனே எடுத்துவிட்டாள். அது யாருடைய குரல் என்று அவளுக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து கேட்கிற குரல். கருகியதை வெளியே தூக்கிப் போட்டு, நல்லதை உள்ளே வைத்து, நாற்பது அடி நடந்து கொடுத்துவிட்டு வந்தேன். முப்பத்திரண்டு பேரில் எனக்கா கிடைக்கப்போகிறது என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் அதை நம்பவில்லை.

மூன்று மணிக்கு முடிவு. பத்தாம் இடத்திலிருந்து படித்துக்கொண்டு வந்தார்கள். இரண்டாம் இடம் வாண்டா ஜோ என்றபோது அவள் தொப்பியைத் தரையில் அடித்தாள். அடுத்து என் எண். மேடைக்கு எப்படிப் போனேன் என்று எனக்கு நினைவில்லை. மாமனார் என்னைக் கட்டிப்பிடித்தார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவனுக்கும் முதலில் கை தட்டல் காதில் விழும்போலிருக்கிறது.

ஜெயித்தவனின் குடும்பம் மேடையில் நின்று படம் எடுத்துக்கொள்வது வழக்கம். மார்லாவைக் கூப்பிட்டார்கள். வந்தாள். எனக்கும் அவருக்கும் நடுவில் நின்று, பல் தெரியச் சிரித்தாள். சிரித்தபடியே, உதடு அசையாமல் என்னிடம் பேசினாள்.

"கருகினது என் கைக்கு அடியிலதான் இருந்துச்சு."

"ஆமா."

"ஏன் மாத்துன?"

"நல்லா வந்துச்சு மார்லா."

படம் எடுப்பவன் இன்னொன்று என்றான். அவள் மறுபடி சிரித்தாள்.

"சரி, நல்லா இரு. கை குடுத்தது நீ. நான் யாருக்கும் குடுக்கல."

சொன்னபடி ஜனவரி இரண்டாம் தேதி சின்ன வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மாமனார் கடைக்கு வெளியே வரவில்லை. சாமான்களை நான்தான் ஏற்றினேன். மகளைக் கட்டிப்போட நினைத்து அவர் போட்ட முடிச்சில் மாட்டியது நான் மட்டும்தான். அது அவருக்குப் புரிய ஒரு வாரம் ஆனது.

ஞாயிறு மதியம் இப்போது மேஜையில் இரண்டே பேர். போன வாரம் சாப்பிட உட்கார்ந்தபோது மார்லா போன் செய்தாள். கன்றுக்குட்டி ஒன்றை இழுத்து வெளியே எடுத்தாளாம், தோள்வரை ரத்தமாம். அவள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. கடைசியில், "எப்ப வர்ற?" என்றாள்.

"பத்து வருஷம்னு சொல்லியிருக்கேனே."

"நீயா போட்டுக்கிட்டதை நீயா கழட்டலாம், வெர்லின். யாரும் உன்னை அடிச்சுக் கொல்ல மாட்டாங்க."

எதிரில் மாமனார் முள்கரண்டியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். மார்லா காத்திருந்துவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

"என்னைய விசாரிச்சாளா?" என்றார்.

அவள் ஒரு வார்த்தைகூட விசாரிக்கவில்லை.

"விசாரிச்சா மாமா. கை எப்படி இருக்குன்னு கேட்டா."

தலையை ஆட்டிக்கொண்டார். கத்தியை எடுத்துக் கறியை வெட்டப் பார்த்தார், அது தட்டில் கடகடவென்று அடித்துக்கொண்டது. நான் அவர் தட்டை என் பக்கம் இழுத்துத் துண்டு துண்டாக வெட்டித் திருப்பித் தள்ளினேன். அவரை வெறுக்க வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. அதற்கும் இடம் இல்லாமல் செய்துவிட்டார்.

"நாளைக்கு வைக்கோல் லாரி வருது மாப்ள," என்றார். "ஆறு மணிக்கு."

"சரி மாமா," என்றேன்.